வெபரிடம் மாட்டிக்கொண்டேன், யோசனை சொல்லுங்கள்
வணக்கம். 15 வருடமாகச் சமூகவியல் டியூஷன் எடுக்கிறேன். மாணவரின் அனுபவத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குவது என் பழக்கம். சமூகவியலாளர் டர்க்கைம் சொன்ன ‘சமூக உண்மை’ (வெளியிலிருந்து நம்மைக் கட்டுப்படுத்தும் சமூக வழக்கம்) என்றால், லிஃப்டில் எல்லோரையும் பார்த்தபடி திரும்பி நின்றுவிட்டு வரச் சொல்வேன். கூச்சத்தில் நெளிந்துகொண்டு வருவார்கள். எங்கும் எழுதி ஒட்டாத விதி, ஆனாலும் நெளிய வைத்ததே! அப்புறம் விளக்கமே தேவைப்படாது.

இன்னொரு சமூகவியலாளரான வெபரின் ‘இலட்சிய வகை’தான் தகராறு. ‘மிகச் சிறந்தது’ என்றே ஒரு மாணவி எடுத்துக்கொள்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க நாமே மனதில் செய்துகொள்ளும் அளவுகோல் அது, நிஜத்தில் அப்படியே எங்கும் இருக்காது என்று மூன்று முறை சொல்லியாயிற்று. தலையாட்டுகிறாள், விடைத்தாளில் பழையபடியே எழுதுகிறாள். கோளாறு என் விளக்கத்தில்தான்.

அவளே செய்து பார்க்கும்படியான பயிற்சி யாரிடமாவது இருக்கிறதா? அதிகாரவர்க்க உதாரணம் மட்டும் வேண்டாம், அதைச் சொல்லித்தான் குழப்பிவிட்டேன்.