கார் பேட்டரியை வீட்டிலேயே மாற்ற உதவி வேண்டும்
வணக்கம் நண்பர்களே. சாவியைத் திருப்பினால் டிக் டிக் சத்தம் மட்டும்தான், இரவெல்லாம் சார்ஜ் போட்டும் மல்டிமீட்டரில் 11.8 வோல்ட்டைத் தாண்டவில்லை (குறைந்தது 12.6 இருக்க வேண்டும்), அதனால் புது பேட்டரி வாங்கிவிட்டேன். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில் என்பது தெரியும். சிக்கல் என்னவென்றால், பிளஸ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், 10 எம்எம் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்திய பிறகும் கிளாம்ப் அசைய மாட்டேன் என்கிறது. சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றலாமா, பக்கத்திலிருக்கும் ஃபியூஸ் பெட்டிக்குள் போகாமல் எப்படித் தடுப்பது? ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளாம்பே உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், இது ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து, கிளம்பும்போது தானாக ஓடும் வசதி) உள்ள கார், புதிய பேட்டரியும் பழையதைப் போல ஏஜிஎம் வகைதான் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை). மாற்றியபின் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்தே ஆக வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.