1,500 பேருக்கான அசனம்: அளவுக் கணக்கு தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தைச் சேர்ந்த சிற்றூர் சபை ஒன்றில், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் நிறைவாக நடைபெறும் அசனத்துக்கு (சபையார் கூடி உண்ணும் பொது விருந்துக்கு) இவ்வாண்டு நான் பொறுப்பேற்றிருக்கிறேன். முந்தைய இரவே பெண்கள் ஐக்கியத்தார் ஆலய வளாகத்தில் பாய் விரித்துக் காய் நறுக்குவதும், வாலிபர்கள் தேங்காய் துருவுவதும் இன்றும் குறைவில்லாமல் நடக்கின்றன. ஆனால் சமையல் முழுவதும் ஒரு பெரியவரின் கைக்கணக்கிலேயே நடந்துவந்ததால், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகுதான் எவரும் எதையும் எழுதிவைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியவந்தது.

சென்ற ஆண்டு மூன்றாம் பந்தியிலேயே சாம்பார் தீர்ந்துவிட, ரசத்தை வைத்துச் சமாளித்தோம். சோறோ இரண்டு அண்டா மிஞ்சியது.

ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் 150 கிலோ வருகிறது. காலை ஆராதனை முடிந்து பசியோடு உட்காருபவர்களுக்கு அது போதாது என்பது என் எண்ணம் (எங்கள் ஊரார் இரண்டாம் முறை கேட்காமல் எழுந்திருப்பதில்லை). இந்த அளவு சரியா, சாம்பாருக்குத் துவரம்பருப்பு எத்தனை கிலோ வேண்டும், கடைசிப் பந்திவரை சோறு குழையாமல் சூடாக இருக்க எத்தனை தவணையாக வடிக்க வேண்டும் என்பவற்றை, தங்கள் சபையில் அசனம் நடத்திய அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.