அந்த மாணவர் ஐன்ஸ்டீனா, கலாமா?

அனைவருக்கும் வணக்கம். குளிர் என்பது வெப்பமின்மை, இருள் என்பது ஒளியின்மை, தீமையும் அவ்வாறே இறைவன் இல்லாத நிலைதான் என்று ஒரு மாணவர் சொன்னதும் நாத்திகப் பேராசிரியர் வாயடைத்துப் போனதாகச் சொல்லும் கதையை, எங்கள் பெரியம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி அனுப்புகிறார். சென்ற ஆண்டு அம்மாணவர் ஐன்ஸ்டீன். இவ்வாண்டு அப்துல் கலாம். (மற்றபடி ஓர் எழுத்தும் மாறவில்லை.)

கடவுள் என்னும் சொல் மனித பலவீனத்தின் விளைவே என்று 1954இல் தத்துவவாதி எரிக் குட்கிண்டுக்குக் கடிதம் எழுதிய ஐன்ஸ்டீன் இப்படி வாதிட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. கலாம் இறைநம்பிக்கை உடையவர்தான். ஆயினும் திருச்சியிலோ சென்னையிலோ அவர் படித்தபோது இது நடந்ததற்கு எந்தச் சான்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

இக்கதையின் பழைய அச்சு வடிவத்தை எவரேனும் கண்டிருந்தால் தெரிவியுங்கள். “கருத்து நல்லதுதானே, தம்பி” என்று கேட்கும் பெரியம்மாவின் மனம் நோகாமல் இதை எடுத்துச் சொல்லும் வழியையும் கூறினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.