விட்சர் முதல் பாகத்துக்கு 81 மதிப்பெண்: அநியாயமா, தாராளமா?

இளவழுதி:
போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் நாவல்களைத் தழுவிய வீடியோ கேம் விட்சர். அதன் முதல் பாகத்தை ரீமேக் செய்யப்போவதாக 2022-இல் அதை உருவாக்கிய சிடி பிராஜெக்ட் ரெட் நிறுவனம் அறிவித்ததிலிருந்து ஒரே பல்லவிதான். 2007-இல் விமர்சகர்கள் இந்த கேமைப் புரிந்துகொள்ளவில்லையாம், விமர்சன மதிப்பெண்களின் சராசரியைக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 81 வாங்க வைத்து அநியாயம் செய்துவிட்டார்களாம். என்னைக் கேட்டால், அன்றைக்கு விற்பனைக்கு வந்த சரக்குக்கு 81 என்பதே தாராளம். ஒரு குடிசைக்குள் நுழைந்தால் லோடிங் திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்று வெளியே வந்தால் மறுபடி லோடிங். தெருவில் எதிர்ப்படும் கிழவர்களுக்கெல்லாம் ஒரே முகம். ஆங்கிலப் பதிப்பில் வசனங்களைக் கண்டபடி வெட்டியிருந்தார்கள். ஒருவர் ஏன் கோபப்படுகிறார் என்று புரிவதற்குள் பேச்சே முடிந்துவிடும். நாவல் பிடிக்கும் என்பதற்காக இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா?

தேன்மொழி:
லோடிங் கொடுமை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குறைகளை எண்ணுவது மட்டும்தான் விமர்சனமா? முதல் அத்தியாயத்தில் ஹாரென் என்ற வியாபாரி, ஆற்றங்கரையில் கிடக்கும் தன் பெட்டிகளை இரவில் காவல் காக்கச் சொல்வான். எல்ஃப் கிளர்ச்சியாளர்கள் வந்து சரக்கைக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் சண்டை இல்லை, வேலை முடிந்தது. அப்புறம் அதை மறந்தே போயிருப்போம். நகரத்துக்குள் போய் வெகுநேரம் விளையாடிய பிறகு, துப்புக்காக நாம் தேடிப்போகும் ஆள் பிணமாகக் கிடப்பான். கொன்றது அதே கிளர்ச்சியாளர்கள். முன்பு சேவ் செய்துவைத்த இடத்துக்குப் போய்த் திருத்தலாம் என்றால், அவ்வளவு தூரத்தையும் மறுபடி விளையாட வேண்டும். அன்றைய ஆர்பிஜிக்களில் (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கேம்களில்) பெரும்பாலும் நல்லது செய்தால் உடனே நல்ல பெயர், கெட்டது செய்தால் உடனே கெட்ட பெயர். இந்த ஒரு விஷயத்துக்கே மதிப்பெண் ஏறியிருக்க வேண்டும்.

இளவழுதி:
ஏறித்தான் இருக்கிறது தோழி. அன்றைய விமர்சனங்களை எடுத்துப் பாருங்கள், அந்த முடிவெடுக்கும் கட்டங்களைப் பாராட்டாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதையும் சேர்த்துத்தான் 81. அது இல்லையென்றால் எழுபதைத் தாண்டியிருக்காது என்பது என் கணக்கு.

நள்ளிரவுநூலகன்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சப்கோவ்ஸ்கியின் கதைகள் போலந்தில் 1986-இலிருந்தே வருகின்றன. ஆங்கிலத்தில் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்ததே 2007-இல்தான், கேம் வந்த அதே வருஷம். நாவல் வரிசை அதற்கும் பிறகு. ஆக, ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் விமர்சகர் மூலக்கதையில் நுனிப்புல்தான் மேய்ந்திருக்க முடியும். கேமின் தொடக்கக் காட்சி, மன்னன் ஃபோல்டெஸ்டின் மகள் ஸ்ட்ரிகா என்ற கொடிய பிராணியாக எழுந்து, அரக்கர்களை வேட்டையாடும் கதாநாயகன் கெரால்டோடு மோதும் முதல் சிறுகதையை அப்படியே எடுத்தாள்கிறது. சண்டைக்கு முன்பே மருந்தைக் குடித்துத் தயாராகும் பழக்கமும் அதே கதையிலிருந்து வந்ததுதான். கேமில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து மருந்து காய்ச்சுவதை வேலை மெனக்கெட்ட சடங்கு என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு, அது கெரால்டின் தொழில் என்பது எப்படித் தெரியும்? நாவலைத் தழுவிய ஒரு கேமை, நாவல் தெரியாதவர்கள் எடைபோட்டார்கள்.

இளவழுதி:
வாங்குபவனும் நாவல் தெரியாதவன்தானே ஐயா? விமர்சகர் எழுதுவது அவனுக்காக. மூலத்தைப் படித்தால்தான் சுவைக்கும் என்றால், அது தழுவலின் கோளாறு. போதாததற்கு, கெரால்டுக்கு நினைவு தப்பிவிட்டது என்று ஆரம்பிக்கிறார்கள். நாவல்களை நேசித்தவர்கள் எடுக்கும் முடிவா அது? புதிதாக வருபவனுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டிய வேலையைத் தட்டிக்கழிக்கும் அரதப்பழசான உத்தி.

தேன்மொழி:
உத்தி பழசுதான், ஆனால் அதனால்தான் ஒவ்வொரு முடிவும் நம் முடிவாகிறது. முதல் அத்தியாய முடிவில் வரும் குகைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அபிகெயில் சூனியக்காரி என்று கிராமமே கொலைவெறியோடு வெளியே நிற்கும். நிற்பவர்களில் ஒருவன் உடன்பிறந்தவனைக் கொன்றவன், ஒருவன் ஒரு பெண்ணைச் சீரழித்தவன். அவளும் யோக்கியம் இல்லை; அந்தப் பெண் குடித்துச் செத்த விஷம் அவள் விற்றது. எந்தப் பக்கம் நின்றாலும் கை கறைபடும். இதைவிட சப்கோவ்ஸ்கித்தனமாக ஒரு காட்சி எழுத முடியுமா?

(ஆனால் படுக்கையைப் பகிர்ந்த பெண்களுக்கெல்லாம் ஒரு படச்சீட்டு கொடுக்கிறார்களே, அந்த அசிங்கத்துக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். நான் தடுக்க மாட்டேன்.)

நள்ளிரவுநூலகன்:
2008-இல் என்ஹான்ஸ்டு எடிஷன் என்ற மேம்படுத்திய பதிப்பு வந்தது. லோடிங் குறைந்தது, வசனங்களைத் திருத்தி மறுபடி பதிவு செய்தார்கள், புது முகங்களும் சேர்ந்தன. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசம். மெட்டாகிரிட்டிக்கும் 86-க்குப் போனது. எலும்புக்கூடு அதே பழசு, பயோவேர் நிறுவனத்தின் அரோரா எஞ்சின் என்ற அடிப்படை மென்பொருள். கதையும் அதே. குறை மேல்தோலில்தான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இளவழுதி:
என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்! முகம் முதற்கொண்டு திருத்தியும் கூடியது ஐந்தே மதிப்பெண். வாள் சின்னம் தீப்பிடிக்கும்வரை காத்திருந்து கிளிக் செய்யும் அந்தச் சண்டை மாறவில்லை. சதுப்புநிலத்துக்கும் நகரத்துக்கும் கால் தேய ஓடும் ஓட்டமும் மாறவில்லை. விமர்சகர்கள் குட்டியதால்தான் பாதியாவது சரியானது. அன்றைக்கே 95 கொடுத்துக் கொஞ்சியிருந்தால் இலவசத் திருத்தம் வந்திருக்குமா?

தேன்மொழி:
குட்டுக்கு நன்றி. ஆனால் எதைக் குட்டினார்கள் என்பதும் முக்கியம். ரீமேக் திறந்த உலக கேமாக, அதாவது நினைத்த இடத்துக்கு நினைத்தபோது போகும்படி வருமாம். "ஓடிக்கொண்டே இருக்கிறோம், அத்தியாயம் முடிந்தால் திரும்ப முடியவில்லை" என்ற பழைய புகாருக்கு மருந்து அதுதான் என்று நினைக்கிறார்கள் போல. அத்தியாயம் முடிந்ததும் அந்தக் கிராமத்துக் கதவு சாத்திவிடும் என்பதால்தான் அபிகெயில் விஷயம் அவ்வளவு கனத்தது. நினைத்தபோது குதிரையில் திரும்பிப்போய் இன்னொரு குவெஸ்ட் (கேம் தரும் வேலை) முடித்து எல்லாரையும் சமாதானப்படுத்தலாம் என்றால், ஆற்றங்கரைப் பெட்டிகளை எவன் யோசித்துக் கொடுப்பான்?

இளவழுதி:
மூன்றாம் பாகமும் திறந்த உலகம்தான். அதில் 'பிளடி பேரன்' (Bloody Baron) என்ற பிரபுவின் கதை கனக்கவில்லையா?

தேன்மொழி:
கனத்தது. ஆனால் அந்தக் கதைக்கு நடுவே சீட்டாடப் போய்விட்டு வந்தாலும் அந்தப் பிரபு அங்கேயே உட்கார்ந்திருப்பான். குகை வாசலில் நிற்கும் கூட்டம் நமக்காகக் காத்திருக்காது.