0.0001 மைக்ரான் ஓட்டையில் தண்ணீர் எப்படிப் போகும்?

சவ்வு_சாமி:
இந்த வாரம் நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் நியூவாட்டர் (சிங்கப்பூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நீர்) விளக்கப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். நீலப் பின்னணி, அழகான தமிழ். வாசகம் இதுதான்: “ஆர்ஓ சவ்வின் ஓட்டை 0.0001 மைக்ரான். வைரஸ் 0.02 மைக்ரான். 200 மடங்கு பெரியது. ஆகவே வைரஸ் நுழையவே முடியாது.”
ஆர்ஓ என்பது நீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியே தள்ளிச் சுத்தமாக்கும் முறை. படத்தின் வகுத்தல் கணக்கு சரி. ஆனால் தண்ணீர் மூலக்கூறே ஏறக்குறைய 0.00028 மைக்ரான். அந்த ஓட்டையில் தண்ணீரும் நுழையாது. அப்புறம் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தது என்னவாம்?

கிளமெண்டி_கணேசன்:
படம் செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்கிறேன். அண்ணே, அந்த எண்ணை நாங்கள் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. சவ்வு விற்கிறவர்கள் கையேட்டிலேயே வரும் வடிகட்டி வரிசை அது: மைக்ரோ 0.1, அல்ட்ரா 0.01, நானோ 0.001, ஆர்ஓ 0.0001. பத்துப் பத்தாகக் குறையும், பார்த்ததும் மனதில் நிற்கும். சமூக மன்றத்துக்கு வரும் பாட்டிக்குச் சொல்கிறோம், முனைவர் பட்டத்துக்கு அல்ல. 2002 தேசிய தின அணிவகுப்பில் ஆளுக்கொரு நியூவாட்டர் பாட்டில் கொடுத்தார்கள். மூலக்கூறின் விட்டம் கேட்டுவிட்டா குடித்தார்கள்?

சவ்வு_சாமி:
அதாவது எண் தப்பு, ஆனால் எல்லாரும் சேர்ந்து சொல்வதால் சரி. அருமை.
ஆர்ஓ சல்லடை இல்லை தம்பி. தடுக்கும் வேலையைச் செய்வது 0.1–0.2 மைக்ரான் தடிமனுள்ள பாலிஅமைடு படலம். அதில் துளைபோட்டு வைத்திருக்கவில்லை. பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து ஊடுருவுகிறது. மின்னேற்றமுள்ள உப்பு அயனிகள் பெரும்பாலும் நின்றுவிடும். மின்னேற்றமில்லாத மிகச் சிறிய மூலக்கூறுகள் நழுவும். யூரியா நழுவும். போரிக் அமிலம் நழுவும், அதனால்தான் கடல்நீர் ஆலைகளில் இரண்டாம் சுற்றுக்கு முன் பிஎச்சை ஏற்றி, அதாவது நீரைக் காரமாக்கி, அதை மின்னேற்றமுள்ள போரேட்டாக்கிப் பிடிக்கிறார்கள். என்டிஎம்ஏ என்ற நச்சு வேதிப்பொருள் கணிசமாக நழுவும். சவ்வில் கிருமிப் படலம் படியாமல் இருக்கப் போடும் குளோரமின் என்ற மருந்திலிருந்தே அது உருவாகக்கூடும். பிறகு புற ஊதா ஒளிதான் அதை உடைக்க வேண்டும்.
உங்கள் பாட்டி “இவ்வளவு சின்ன ஓட்டை என்றால் அந்தப் புற ஊதா விளக்கு எதற்குத் தம்பி?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 0.0001 என்று திரும்பச் சொல்வீர்களா?

தேக்கா_ராஜா:
சாமி அண்ணன் வந்துட்டார், இனி யாரும் தண்ணி குடிக்க முடியாது 😂

ஈசூன்_மல்லிகா:
இரண்டு பேரும் ஓட்டையிலேயே நிற்கிறீர்கள். படத்தில் ஆபத்தான சொல் “நுழையவே முடியாது” என்பதுதான். ஆலையில் வைரஸ் சவ்வைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, ஓரமாகச் சுற்றிப் போகிறது. எலிமென்ட் என்பது சவ்வைச் சுருட்டிச் செய்த உருளை. 8 அங்குல விட்டம், 40 அங்குல நீளமுள்ள எலிமென்ட்டுகளை வெசல் என்ற நீண்ட அழுத்தக் குழாயில் ஆறு, ஏழு என்று வரிசையாகத் தள்ளுவார்கள். நடுவில் இணைப்புக் குழாய், அதில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். கிளிசரின் தடவாமல் அழுத்தினால் அது உருண்டு வெட்டுப்படும். கடைசியில் இடைவெளியை அடைக்கும் ஷிம் வளையம் போடாவிட்டால் ஒவ்வொரு முறை பம்ப் ஓடி நிற்கும்போதும் எலிமென்ட்டுகள் முன்னும் பின்னும் நகர்ந்து தேயும். அந்த இடுக்கு வழியாக, சவ்வைத் தாண்டாத ஊட்டநீர் நேராகச் சுத்தநீரில் கலக்கும்.
கண்டுபிடிக்க மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வெசலின் கடைசிவரை விட்டு, 20 அங்குலம் 20 அங்குலமாக இழுத்து, ஒவ்வொரு இடத்திலும் மின்கடத்துத்திறன் (நீரில் உப்பு கூடினால் இது கூடும்) பார்ப்பார்கள். இணைப்பில் திடீரென எகிறினால் ஓ-ரிங். எலிமென்ட்டின் நடுவில் எகிறினால் சவ்வோ ஒட்டோ போச்சு. இதையும் படத்தில் போடலாமே?

கிளமெண்டி_கணேசன்:
அக்கா, ஓ-ரிங் படம் போட்டால் “நியூவாட்டர் ஒழுகுது” என்று மறுநாள் காலையே ஃபார்வர்ட் வரும். 2006இல் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரத்தில் வாக்கெடுப்பு வைத்து மறுபயன்பாட்டு நீரைத் தோற்கடித்தார்கள். சந்தேகத்தைக் கையில் கொடுத்தால் மக்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

சவ்வு_சாமி:
பொய் எண்ணைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ள மாட்டார்களாக்கும். 0.00028, 0.0001. எது பெரியது? ஐந்தாம் வகுப்புக் கேள்விதான்.

கிளமெண்டி_கணேசன்:
ஐந்தாம் வகுப்பிலேயே இருங்கள். ஓட்டையே இல்லை என்றீர்களே, 2023இல் யேல் பல்கலைக்கழகத்து எலிமெலெக் குழு என்ன எழுதியது தெரியுமா? ஆர்ஓ சவ்வில் தண்ணீர் கரைந்து ஊடுருவவில்லை, துளை வழியாகத்தான் ஓடுகிறது என்று. உங்கள் பாடம் 1960களோடு நின்றுவிட்டது அண்ணே.

சவ்வு_சாமி:
படித்தேன். துளைபோட்டு வைத்திருக்கவில்லை என்றேனே தவிர இடைவெளி இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் சொல்லும் துளை, தண்ணீர் மூலக்கூறுகள் கொத்தாகப் போகிற இடைவெளி. தண்ணீர் போகிறது என்றால் அது 0.00028ஐவிடப் பெரியதாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் சாட்சி என் பக்கம்தான் பேசுகிறார்.

தேக்கா_ராஜா:
துளை உண்டு என்று யேலுக்கு முன்னாடியே நம்மாளு சொல்லிட்டார். 1960 வாக்கில் அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் லோப் என்பவருடன் சேர்ந்து முதல் உருப்படியான ஆர்ஓ சவ்வு செய்த சௌரிராஜன். நுண்துளை வழி ஓட்டம் என்றுதான் கடைசிவரை வாதாடினார். அந்தப் பெயரை ஏன் உங்கள் படத்தில் போடவில்லை கணேசன்? வெள்ளைக்காரர் பெயர் என்றால்தான் இடம் கிடைக்குமா?

கிளமெண்டி_கணேசன்:
படத்தில் யார் பெயருமே இல்லை. பார்க்காமலே சண்டைக்கு வருவது உங்கள் வழக்கம். தண்ணீர்க் கட்டணம் பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான், 2025 ஏப்ரல் உயர்வு 50 காசு என்று நின்றீர்கள். 50 காசு என்பது 2024, 2025 இரண்டு கட்டமும் சேர்ந்து, அதுவும் ஒரு கன மீட்டருக்கு.

தேக்கா_ராஜா:
மொத்தம் ஏறியதா இல்லையா? அதைச் சொல்லுங்க.

பிடோக்_பாலா:
ஓட்டை கிடக்கட்டும். அடுக்குமாடி அடுக்குமாடியாக டிடிஎஸ் (நீரில் கரைந்த திடப்பொருளின் அளவு) காட்டும் பேனா தூக்கிக்கொண்டு வடிகட்டி விற்கிறார்களே, அதற்கு யார் படம் போடுவது? குழாய் நீரில் இரும்புக் கம்பி இரண்டை விட்டு மின்சாரம் கொடுப்பார்கள், நீர் பழுப்பாகிவிடும். ஆர்ஓ நீரில் ஆகாது. “பார்த்தீங்களா அழுக்கு!” கரைந்தது அந்தக் கம்பியின் இரும்புதான். உப்பில்லாத நீரில் மின்சாரம் போகாததால் அங்கே கரையவில்லை, அவ்வளவே. அவர்களுடைய ஆர்ஓ நீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

ஈசூன்_மல்லிகா:
பேனாவும் அப்படித்தான். அது அளப்பது மின்கடத்துத்திறனை. உள்ளே 0.5ஆலோ 0.7ஆலோ பெருக்கி டிடிஎஸ் என்று காட்டும். ஒரே கோப்பையில் ஒரு பேனா 100 காட்டினால் இன்னொன்று 140 காட்டும், இரண்டும் பழுதில்லை. வைரஸ், என்டிஎம்ஏ எதுவும் அதற்குத் தெரியாது. நியூவாட்டருக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே. 600 வரை சுவைக்கு நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

சவ்வு_சாமி:
பாலா, மல்லிகா, அந்த விற்பனையாளரும் 0.0001 மைக்ரான் என்றுதான் துண்டுச்சீட்டு அடிக்கிறார். கணேசனும் அதையேதான். ஒருவர் வடிகட்டி விற்கிறார், ஒருவர் நம்பிக்கை விற்கிறார்.

கிளமெண்டி_கணேசன்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். சனிக்கிழமை முழுக்க நின்று இலவசமாக விளக்குகிறவர்களை வடிகட்டிக்காரனோடு சேர்க்காதீர்கள். பிடோக்கில் இருந்த நியூவாட்டர் பார்வையாளர் நிலையத்தையும் 2024இல் மூடிவிட்டார்கள். வேறு யார் இருக்கிறார்கள் தமிழில் சொல்ல?

ஈசூன்_மல்லிகா:
கடத்துத்திறனை வைத்து ஆர்ஓ எவ்வளவு வைரஸைத் தடுத்தது என்று கணக்குக் காட்டினால் 97லிருந்து 99 விழுக்காடுவரைதான் நிரூபிக்க முடியும். நல்ல சவ்விலும் கொஞ்சம் உப்பு கசியும், அதற்கு மேல் அந்த அளவீட்டுக்குக் கண் இல்லை. உண்மையில் தடுப்பது அதைவிட அதிகம். மீதியை அல்ட்ரா வடிகட்டியும் புற ஊதா ஒளியும் சேர்த்துக் காட்ட வேண்டும். அல்ட்ரா, ஆர்ஓ, புற ஊதா என்று மூன்று தடுப்பு ஏன் என்பதற்கு இது ஒன்றே போதும், ஓட்டை அளவே வேண்டாம்.

கிளமெண்டி_கணேசன்:
“97 விழுக்காடு” என்று போட்டால் மீதி 3 எங்கே என்பார்கள், அக்கா.

பிடோக்_பாலா:
சென்னையில் இந்தத் தொல்லையே இல்லை. கோயம்பேட்டில் 2019இல் ஆரம்பித்த ஆர்ஓ ஆலை, நாளுக்கு 4.5 கோடி லிட்டர், நேரே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு. மக்களைக் குடிக்கவே சொல்லவில்லை, விளக்கப்படமும் வேண்டாம்.

தேக்கா_ராஜா:
இங்கே மட்டும் குழாயில் நேராவா வருது? முக்கால்வாசி கணினிச் சில்லு ஆலைக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும்தான் போகுது. கொஞ்சத்தை வறட்சி நேரத்தில் நீர்த்தேக்கத்தில் கலந்து மறுபடி சுத்திகரிக்கிறாங்க. அப்புறம் எதுக்கு இத்தனை சத்தம்?

பிடோக்_பாலா:
முக்கால்வாசி என்று எங்கே பார்த்தீர்கள்?

தேக்கா_ராஜா:
உங்க சென்னைக் கணக்கு எங்கே பார்த்தீங்களோ அங்கேதான்.

சவ்வு_சாமி:
கணேசன், கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. 0.00028.

கிளமெண்டி_கணேசன்:
அச்சுக்குக் கொடுத்தாச்சு அண்ணே. 500 பிரதி. தப்பு என்றால் நீங்களே ஒன்று வரைந்து போடுங்கள், எத்தனை பேர் ஃபார்வர்ட் செய்கிறார்கள் பார்க்கலாம்.

சவ்வு_சாமி:
500 பிரதியா? காசு யாருடையது?