புதுப்பிப்பு: தங்கச்சி எந்தப் பாடம் எடுத்தாள்?

தங்கச்சிக்கு இளங்கலையில் இயற்பியலா, தாவரவியலா, அரசியல் அறிவியலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கடைசியில் தாவரவியல், வேலூரிலேயே இடம் கிடைத்துவிட்டது.

கலெக்டர் ஆக அரசியல் அறிவியல்தான் சரி என்று சிலர் சொன்னீர்கள். பார்த்தால், அதற்கு எழுத வேண்டிய குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடங்களில் இந்த மூன்றுமே இருக்கின்றன. தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள். பட்டத்தில் படித்த பாடத்தையே எடுக்க வேண்டும் என்றும் இல்லை.

இயற்பியலைக் கைவிட அவளுக்கு மனசே வரவில்லை. காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியைப் பார்த்த நாளிலிருந்து அந்த மயக்கம். ஆனால் அதே பயணத்தில், சந்தன மரம் பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சும் என்று ஜவ்வாது மலையில் யாரோ சொல்ல, அங்கேயே தாவரவியலில் மனசைப் பறிகொடுத்துவிட்டாள்.

அப்பாதான் இன்னும், “செடி வளர்க்கவா காலேஜு?” என்கிறார்.