உடுக்கு விழாவுக்குப் பழைய உடுக்குகள் தேவை

அன்பான உறவுகளுக்கு வணக்கம். மட்டக்களப்பில் ஒரு சனி, ஞாயிறு இரு நாட்களையும் உடுக்குக்கென்றே ஒதுக்கிச் சிறு விழா நடத்த எண்ணியுள்ளோம். வைகாசியில் அம்மனைக் குளிர்விக்கும் சடங்கான குளிர்த்திக் காலத்தில் கண்ணகி அம்மன் கோயில்களில் காவியம் பாடுவோருக்குத் துணையாக ஒலிக்கும் இந்தக் கருவி, ஒடுங்கிய இடையைச் சுற்றியுள்ள கயிற்றை விரல்கள் இறுக்கியும் தளர்த்தியும் பிடிப்பதனாலேயே மனிதக் குரலைப்போல ஏறி இறங்குகின்றது; ஒலிபெருக்கியில் அந்த நுட்பம் பாதி தொலைந்துவிடும் என்பது என் எண்ணமாதலால், மேடை எதுவுமின்றி மரநிழலில் வட்டமாக அமர்ந்து கேட்கவே விரும்புகிறோம்.

தம்பிலுவில், செட்டிபாளையம் பக்கங்களில் பழைய உடுக்கு வைத்திருப்போர் அவற்றை அவ்விரு நாட்களுக்கும் இரவலாகத் தர இயலுமா? கோயிற் பூசையில் உள்ளவற்றை நாம் கேட்கவில்லை. கிழிந்த தோலை மாற்றிக் கயிறு கட்டத் தெரிந்த பெரியவர் எவரையேனும் அறிந்திருந்தால், தயவுசெய்து எமக்கு அறியத்தாருங்கள்.